ஜாக்கெட் அக்காவின் ரம்பம்

ரம்பத்தைக் கையில் கொடுத்தால் வள்ளிக்கண்ணு அக்கா அதன் பல்லைப் பார்ப்பதில்லை. கைப்பிடியைப் பிடித்து முழங்கையை மடக்குவார், நீட்டுவார், தோளை ஒரு குலுக்குக் குலுக்கி அக்குளில் எங்கேயாவது இழுக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"பெருசுங்க. இதுக்குக் கீழ சைஸ் காட்டுங்க."

"அக்கா, இது ரம்பம். ஜாக்கெட் இல்ல. எல்லாருக்கும் ஒரே சைஸ்தான்" என்றார் ஜேக்கப் அண்ணன். மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு பாத்திரக்கடைக்கும் ஒரு பட்டுக்கடைக்கும் நடுவில் இடுக்கில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிற டூல்ஸ் கடைக்கு அவர் முதலாளி.

"எல்லாருக்கும் ஒரே சைஸ்னு எவன் சொன்னாலும் அவன் துணியைக் கெடுக்கப் போறான்னு அர்த்தம். சின்னது இருக்கா இல்லையா?"

இருந்தது. ஜேக்கப் அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி, தூசி தட்டிக் கொடுத்தார். அக்கா மறுபடியும் முழங்கையை மடக்கி நீட்டினார். இந்தத் தடவை இழுக்கவில்லை.

அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் அக்கா "நூறு" என்பார். வேண்டுமென்றே அடுத்தடுத்துத் தும்மிப் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் "ஆயுசு போதும்டா பாலு, போய்ப் படி" என்று பதில் வந்தது. பிளஸ் டூவில் எனக்கு இயற்பியல் இன்னும் பாக்கி இருப்பது சுவருக்குக்கூடத் தெரியும்.

அக்கா வீட்டு வாசலில் ஒரு போர்டு: "இங்கு ஜாக்கெட் மட்டும் தைக்கப்படும்." சுடிதார் தைக்கச் சொல்லி யாராவது வந்தால் அக்கா வாயில் இருக்கிற குண்டூசியை எடுக்காமலேயே போர்டைக் கை காட்டுவார். உடம்பில் டேப் வைத்து அளவு எடுக்க மாட்டார். "அளவு ஜாக்கெட் கொண்டாங்க. உடம்பு பொய் சொல்லும், மூச்சை உள்ள இழுத்துக்கும். போட்டுப் பழகின ஜாக்கெட் பொய் சொல்லாது" என்பார். இருபது வருஷமாக ஜாக்கெட் தவிர வேறு எதையும் தைக்காதவர் மரம் அறுக்க ரம்பம் வாங்கினது அழகிரி அண்ணனுக்காக.

அழகிரி அண்ணன் அக்காவின் வீட்டுக்காரர். லால்குடி போகிற பிரைவேட் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். சர்க்கரை. வலது கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. செருப்புக் கடி என்று நினைத்துக்கொண்டே பிரேக் மிதித்தார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்த அன்று நாங்கள் நாலு பேர் மூலைக்கு ஒருவராகத் தூக்கி வீட்டுக்குள் வைத்தோம். செக்கப்புக்குப் போகிற அன்றும் அதே நாலு பேர். அப்படித் தூக்கிக்கொண்டு இறங்கும்போது ஒரு நாள், எதிரே வந்த பால்காரர் சைக்கிளில் இருந்தபடியே காலை ஊன்றி நின்று, "அழகிரிக்குப் புறப்பாடா? குடை எங்கடா?" என்று கேட்டார்.

ஸ்ரீரங்கத்தில் அடுத்தவர் தோளில் ஏறி வீதிக்கு வருகிற உரிமை பெருமாளுக்கு மட்டும்தான். அதனால் தெருவே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அது என் ஜோக் இல்லை. நான் சொல்வதற்குள் பால்காரர் முந்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் வாசலைத் தாண்டவில்லை. செக்கப் நாள் வந்தால் "வயிறு சரியில்ல" என்பார். அடுத்த முறை "மழை வர்ற மாதிரி இருக்கு" என்பார். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. இப்படியே இரண்டு செக்கப் போயிற்று. அதற்குள் மிச்சமிருக்கிற இடது காலில் சுண்டுவிரல் ஓரமாகக் கறுக்க ஆரம்பித்தது. அக்கா அதை போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். டாக்டர் போன் பண்ணி, "போட்டோவுல பார்த்தெல்லாம் விரலக் காப்பாத்த முடியாதும்மா. மாசக் கடைசித் திங்கக்கிழமை ஆளைக் கூட்டிட்டு வாங்க. அதையும் விட்டீங்கன்னா அந்தக் காலும்..." என்றார். மீதியைக் கேட்காமல் அக்கா போனை வைத்துவிட்டார்.

அண்ணனிடம் கெஞ்சவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குக் கேட்டது.

"நாலு பேர் தூக்காம வெளிய போக வழி இருந்தா வருவீங்களா?"

"எப்படி, பறந்தா?"

"உருண்டு."

"உருண்டா வரேன்."

உருள முடியாததற்குக் காரணம் வாசற்படி. எங்கள் தெருவின் பழைய வீடுகளில் நிலைக்குக் கீழே மரப்படி கெண்டைக்கால் உயரத்துக்கு நிற்கும். அதைத் தாண்டினால் ஒரு கல் படி, அப்புறம் தெரு. மரப்படியை அறுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நான் ஒரு யோசனை சொன்னேன். சொன்னபோது அண்ணனின் அக்கா ஆனந்தவள்ளி உள்ளே இருந்ததை நான் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் லால்குடியிலிருந்து கீரைக்கட்டோடு பஸ் ஏறி வந்து, அந்தப் படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற ஆள் அவர்.

"அது மகாலட்சுமி உக்கார்ற இடம்டா. அதுல ரம்பத்த வெச்சா இந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஒரு காலும் நிக்காது."

"சிமெண்ட்ல சரிவா பூசிட்டா?"

"மேல சிமெண்ட்டைப் போட்டு மூடினா அவளுக்கு மூச்சு முட்டாதா?"

"படி மேல ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன் அண்ணி. படியத் தொடாமலே போற மாதிரி பண்றேன்" என்று அக்கா குறுக்கே வந்து பஞ்சாயத்தை முடித்தார். வைத்து எடுக்கிற மரச்சரிவு என்று முடிவாயிற்று. முதலில் தச்சர் ராசப்பனிடம்தான் சொன்னார். "நாளைக்குக் காலையில முத வேலையே உங்க வேலதான்க்கா" என்றார் ராசப்பன். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை. எப்போது போன் செய்தாலும் பாலத்தின் மேல் வந்துகொண்டிருக்கிறார். காவேரிப் பாலம் அவ்வளவு நீளம் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது.

அக்கா என் போனை வாங்கி மரவேலை வீடியோக்களைப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரர் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு ஷெட்டில் நின்று, சுவர் முழுக்க மாட்டியிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்கா போனை நீட்டினார். "சாமானைக் காட்டுறான், காட்டுறான், காட்டிக்கிட்டே இருக்கான். ஒண்ணும் தைக்கக் காணோம்."

அதனால் நேராக ஜேக்கப் அண்ணன் கடை. அவர் முதலில் ஒரு நீலப் பெட்டியைத் திறந்தார். உள்ளே குழிகுழியாக இருந்தது, குழிக்கு ஒரு சாமான் படுத்திருந்தது.

"வீட்டு யூஸுக்கு இதுதான் பெஸ்ட்டுக்கா. நூத்தியெட்டு பீஸ்."

"நூத்தியெட்டு அர்ச்சனைக்குத்தாங்க. எனக்கு ஒரு சரிவுப் பலகை."

அங்கேயே நின்று, விரல் விட்டு அக்கா ஒரு கணக்கு சொன்னார். தையலுக்கு மொத்தம் ஐந்து வேலை. அளக்கணும், வெட்டணும், பிடிக்கணும், தைக்கணும், கடைசியா அழுத்தணும். வேலைக்கு ஒரு சாமான். "மரத்துக்கு மட்டும் ஆறாவதா ஒரு வேலை இருந்தா சொல்லுங்க, வாங்கிக்கிறேன்." ஜேக்கப் அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு நீலப் பெட்டியை மூடினார்.

வெட்டுவதற்கு அந்தச் சின்ன ரம்பம். மின்சார ரம்பம் இருக்கிறது, வெண்ணெய் மாதிரி போகும் என்று அவர் ஒன்றை ஓட்டிக் காட்டினார். அது சுற்ற ஆரம்பித்ததும் அக்காவின் இரண்டு கையும் முந்தானைக்குள் போய்விட்டன. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. "நல்லாத்தான் போகுது. ஆனா எங்க வீட்டுச் சோறு இந்தப் பத்து விரல்ல இருக்குங்க. வீட்ல ஒரு ஆளுக்குக் குறைஞ்சது போதும்."

பிடிப்பதற்கு என்ன வேண்டும் என்பதில் மட்டும் அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. பலகையைக் கவ்விப் பிடிக்கிற சி-கிளாம்ப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "குண்டூசி" என்றார். ஒன்று போதும் என்றார் ஜேக்கப் அண்ணன். அக்கா நாலு எடுத்தார். "ஒத்தை ஊசி குத்தித் தைச்சா துணி நழுவும். நாலு பக்கமும் பிடிச்சாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்."

தைப்பதற்கு டிரில் மிஷினும் திருகாணியும். சுத்தியல் வேண்டாம் என்று சொன்னபோது ஜேக்கப் அண்ணன் நிஜமாகவே வருத்தப்பட்டார். சுத்தியல் இல்லாமல் மரவேலை செய்கிற ஒருவரையும் அவர் பார்த்ததில்லையாம்.

"ஆணியை அடிச்சா அடிச்சதுதான். பிரிச்சா மரமும் கூட வரும். திருகாணின்னா பிரிச்சுத் தைக்கலாம்" என்றார் அக்கா.

"பிரிக்க வேண்டி வரும்னு இப்பவே முடிவு பண்ணிட்டீங்களா?"

"மொத தடவையே சரியா வர்ற ஜாக்கெட்டை நான் பார்த்ததில்லைங்க."

அளப்பதற்குத் தன் துணி டேப்பே போதும் என்றார். அழுத்துவதற்கு உப்புத்தாள். அதை மட்டும் சனிக்கிழமை போய் வாங்கினார். சனிக்கிழமை வாங்கக் கூடாதது இரும்புதானாம், தாள் இல்லையாம்.

வீட்டு முன் அறையில் தையல் மிஷினை ஓரம் கட்டிவிட்டு, இரண்டு ஸ்டூலின் மேல் ஒரு பலகை போட்டால் அதுதான் பட்டறை. ஜாக்கெட் வாங்க வந்த தேவதர்ஷினி என்கிற கல்யாணப் பொண்ணு, "அக்கா, கைக்குள்ள மரத்தூளா வருது" என்றாள். "ஒரு துவை துவைச்சா போயிடும்மா" என்று சொல்லிவிட்டு அக்கா அறுப்பதைத் தொடர்ந்தார். சாமான்களுக்கு உறை தைத்துப் போட்டிருந்தார். கல்யாண ஜாக்கெட்டில் மிஞ்சிய பட்டு பிட்டில், உள்ளே லைனிங் வைத்து. திருச்சியிலேயே ஜரிகை உறைக்குள் தூங்குகிற ரம்பம் அது ஒன்றுதான்.

இதைப் பார்த்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் நான் மனிதனே இல்லை. ஜாக்கெட் போர்டுக்குக் கீழே ஒரு அட்டையைத் தொங்கவிட்டேன்: "வள்ளி மரவாடி. எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை." அக்கா படித்தார், கழற்றவில்லை. அடுத்த நாளே ஒருவர் வந்து கொய்யாமரத்தில் கட்டில் செய்ய முடியுமா என்று கேட்டார். உள்ளே இருந்து அழகிரி அண்ணன், "மரவாடி லீவுங்க" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு வாசலுக்குக் கேட்கிற மாதிரி அவர் பேசியது அப்போதுதான்.

இனி அளவு. டேப்பை வைத்துச் சரிவைக் கணக்குப் போடலாம் என்றேன் நான். இயற்பியலில் பாக்கி வைத்தவன் சொன்னதால் அக்கா காதில் வாங்கவில்லை. "அளவு ஜாக்கெட் வேணும்" என்றார். அதாவது ஏற்கெனவே எங்கேயாவது இருக்கிற ஒரு சரிவு. மன்னார்புரம் பக்கத்தில் ஒரு பேங்க் வாசலில் சக்கர நாற்காலிக்கென்று சரிவு கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நியூஸ்பேப்பரும் கத்தரிக்கோலுமாக என் வண்டியில் ஏறினார். சரிவின் மேல்முனையில் இரண்டு பூந்தொட்டி இருந்தன. அதில் யாரும் ஏறினதில்லை என்பது அந்தத் தொட்டிகளைப் பார்த்தாலே தெரிந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் குத்த வைத்து உட்கார்ந்து, பேப்பரைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தை வெட்டி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்தப் பேப்பரை வைத்துப் பிளைவுட்டையும் ரீப்பர் கட்டைகளையும் வெட்டினார். வீட்டுக்குள் ஒரு சின்னச் சரிவு, வெளியே ஒரு பெரிய சரிவு, நடுவில் படிக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் பாலம். எல்லாம் திருகாணி போட்டுத் தயார். பாலப் பலகையைக் கொண்டுபோய் நிலைக்கு நடுவே வைத்தால் இறங்க மறுத்தது. அக்கா தள்ளினார். நான் ஏறி நின்றேன். அசையவில்லை.

"என்ன, பெருசா?" என்றார் அண்ணன், டிவியிலிருந்து திரும்பாமல்.

"ஓரத்துல விட்டிருக்கேன்."

"எதை?"

"தையலுக்குக் கொஞ்சம் விடணும்ல. ரெண்டு பக்கமும் அரை இஞ்ச்."

"ஜாக்கெட்டுக்கு விடுவ. இதுல எதுக்குடி விட்ட?"

"பின்னால உடம்பு போட்டா?"

"நிலைக்கதவு குண்டாகுமா வள்ளி?"

கேட்ட பிறகுதான் டிவியிலிருந்து திரும்பினார். பிறகு அண்ணன் சிரித்தார். பால்காரர் சொன்னதற்குச் சிரித்த மாதிரி இல்லை, வயிறு குலுங்கினது. அக்கா சிரிக்கவில்லை. எங்கே தப்பு என்று யோசித்துக்கொண்டிருந்தார். துணி என்றால் பெரிசாக இருந்தால் பிடிக்கலாம், சின்னதாக இருந்தால்தான் வம்பு. நிலைக்குள் போகிற மரம் அப்படியே உல்டா. ஜேக்கப் அண்ணன் போனில் விளக்கினார்: "மழைக்கு நிலையே உப்பும்க்கா. நீங்க உள்பக்கம் குறைச்சு வெட்டியிருக்கணும்." அன்றைக்கு மாலையே அக்கா போய் ஒரு இழைப்புளி வாங்கினார். ஸ்டீல் டேப்பும் வாங்கினார். துணி டேப் இருபது வருஷத்தில் இழுபட்டு, ஊருக்கு இல்லாத ஒரு இஞ்ச்சை வைத்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. இழைப்புளி முதலில் குதித்தது, பிறகு பல்லைக் கடித்தது, கடைசியில் ரிப்பன் மாதிரி சுருள் விட்டது. அக்கா ஒரு சுருளைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "பைப்பிங் வைக்கலாம் போல இருக்கு" என்றார்.

பலகைகள் உட்கார்ந்தன. சோதனை ஓட்டத்துக்கு நாற்காலியில் யார்? அண்ணனின் எடை இருக்கிற ஆள் தெருவில் இல்லை. எடை இல்லாவிட்டாலும் தைரியம் இருக்கிறது என்று நான் உட்கார்ந்தேன். உள்சரிவு ஏறிற்று. பாலம் தாண்டிற்று. வெளிச்சரிவில் நாற்காலிக்கு என்ன தோன்றியதோ, பேங்க்கில் கணக்கு முடிக்கப் போகிறவன் மாதிரி வேகம் எடுத்தது. கீழே கால்வைக்கும் தகடு ரோட்டில் முட்டியது. நாற்காலி நின்றது. நான் நிற்கவில்லை. எதிரே அசை போட்டுக்கொண்டிருந்த மாட்டின் விலாவில் போய் இரண்டு கையையும் ஊன்றினேன். மாடு திரும்பி என்னைப் பார்த்தது. அவ்வளவுதான் செய்தது.

தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"ரொம்பச் செங்குத்து. கீழயும் முட்டுது. காவேரிப் பாலத்துல இறங்குறப்ப, இறங்குறோம்னு பஸ்ஸுக்கே தெரியாது. அப்படி இருக்கணும். இது லாரியில மாடு ஏத்துற பலகை. நான் இதுல வரல." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். கடைசி வரியைக் கேட்காத மாதிரி, நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, பட்டு உறையிலிருந்து டிரில்லை எடுத்து அன்றைக்கே திருகாணிகளைப் பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டிரில் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் தும்மினேன். நூறு வரவில்லை.

அடுத்த அளவை அண்ணனுக்குக் காலை எடுத்த ஆஸ்பத்திரியிலேயே எடுப்பது என்று முடிவு செய்தார். "அங்க தினம் நாப்பது பேர் ஏறி இறங்குறாங்க. போட்டுப் பழகின சரிவு." வாசல் சரிவின் ஓரமாக நியூஸ்பேப்பரை விரித்துக்கொண்டு படுக்காத குறையாக உட்கார்ந்திருந்தவரிடம் செக்யூரிட்டி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"அளவு எடுக்கிறேங்க. நான் டெய்லர்."

"யாருக்கு?"

"இந்த ஆஸ்பத்திரிக்கு" என்றார் அக்கா, கத்தரிக்கோலை நிறுத்தாமல். செக்யூரிட்டி திரும்பி நடந்தார். அவருக்கு வேறு வேலைகள் இருந்தன.

அந்தச் சரிவு நீளமாக இருந்தது. அதே சாய்வை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தால் தெருவில் பாதி தூரம் போகும். போகிற வருகிற ஆட்டோவெல்லாம் அதன் மேல் ஏறும். அதனால் வெளிச்சரிவை இரண்டாக வெட்டி நடுவில் கீல் வைத்து மடிக்கிற மாதிரி செய்தார். வேண்டும்போது விரிக்கலாம், மற்ற நேரம் கதவுக்குப் பின்னால். கீழ் முனையை இழைத்து இழைத்து, ரோட்டில் போய் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு மெலிய வைத்தார். அந்த ஒரு வாரம் மிஷினில் ஒரு ஜாக்கெட்டும் ஏறவில்லை. வாங்க வந்தவர்களிடம் "நாளைக்குக் காலையில முத வேலையே உங்களுதுதான்" என்று அக்கா சொன்னதை என் காதால் கேட்டேன்.

திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளி. கீரைக்கட்டோடு வந்த ஆனந்தவள்ளி, வாசலில் பலகை விரிந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"தொடலன்னு சொன்னியே."

"தொடல அண்ணி. நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணை நம்பாமல் முந்தானை முனையைத் திரித்து, பாலத்துக்கும் படிக்கும் நடுவே விட்டார். அந்தப் பக்கம் அக்கா பிடித்து இழுத்தார். முந்தானை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை சிக்காமல் போய்வந்தது.

"வெறும் பலகை தொடாதுதான். ஆள் ஏறினா அமுங்கும்ல?" என்று சொல்லிவிட்டு, கீரையை என்னிடம் கொடுத்துவிட்டு அவரே ஏறினார். அண்ணனின் எடைக்கு ஆள் இல்லை என்று நான் முன்னால் சொன்னது தப்பு. அக்கா தெருவில் கவிழ்ந்து படுத்து, கன்னத்தைக் கல்லில் வைத்து அடியில் பார்த்தார்.

"தொடல அண்ணி."

"இரு. நடுவுக்கு வரேன்."

"தொடல."

"குதிக்கவா?"

"வேணாம் அண்ணி."

ஆனந்தவள்ளி இறங்கி, பலகையை எடுக்கச் சொல்லி, படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். "வெள்ளிக்கிழமையானா எடுத்துடணும்" என்றார். அதுதான் சம்மதம். உள்ளே போய்த் தம்பியிடம், "நானே ஏறிட்டேன். உனக்கென்னடா" என்றார். அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

திங்கட்கிழமை காலை ஆட்டோ ஆசீர் வண்டியைத் தெருவோரம் நிறுத்திவிட்டு, பழக்கத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். தூக்க வழக்கமாக வருகிற நாங்கள் நாலு பேரும் வந்து நின்றோம். அக்கா பலகைகளை வைத்தார், கீலை விரித்தார், ஓரத்தை ஒரு முறை காலால் அழுத்தினார். "யாரும் கைவெக்க வேணாம்" என்றார். உள்ளே அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, கால் விரலில் புதுக் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசீர் ஒரு தடவை இருமினார்.

பிறகு அண்ணன் சக்கரத்தில் கை வைத்தார். உள்சரிவில் ஏறினார். பாலத்தின் மேல் வந்து, நிலைக்கு நடுவே நின்று, பஸ்ஸை எடுப்பதற்கு முன் பார்க்கிற மாதிரி வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். வெளிச்சரிவில் இறங்க ஆரம்பித்தார். உள்ளங்கையால் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டார். கீல் இருக்கிற இடத்தில் முன்சக்கரம் ஒன்று தடுக்கி, திரும்பிக்கொண்டது. பலகை முனகியது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

ஆசீர் ஒரு அடி எடுத்து வைத்தார். வாசலுக்குள் அவருக்குப் பின்னால் நின்றிருந்த நானும் பாய்ந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. கழுத்துப் பட்டன் தெறித்துப் பலகையில் விழுந்தது. திரும்ப முடியவில்லை, மூச்சும் முழுசாக வரவில்லை. "சும்மா இரு" என்று காதுக்குப் பின்னால் அக்காவின் குரல் மட்டும் வந்தது. ஆசீரும் அப்படியே நின்றுவிட்டார்.

அண்ணன் எங்களைப் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். முன்சக்கரம் நேரானது. மறுபடி விட்டார். என் பட்டன் அவருக்குப் பின்னாலேயே உருண்டு இறங்கியது. முன்சக்கரம் ரோட்டைத் தொட்டது. பின்சக்கரம் தொட்டது. அவர் ஆட்டோவுக்குப் பக்கத்தில் போய், நாற்காலியைத் திருப்பி, பிரேக் போட்டு நிறுத்தும் வரைக்கும் அக்கா என் காலரை விடவில்லை.